ஜெபமாலை நடத்திச் செல்லும் வழி

வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று ஆரோக்கிய மாதாவிடம் பொருத்தனை வைத்தவர்கள் முதலில் விசாரிப்பது காலைப் பற்றித்தான். எந்தச் செருப்பு, எந்தத் தைலம், கொப்புளம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். வாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஜெபமாலையும் பாட்டுமாகப் போகிற குழு எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். மௌனமாகவோ அரட்டையடித்தோ போகிற குழுவில் இரண்டாம் நாளே நாலு பேர் பஸ் ஏறிவிடுவார்கள். வாய் ஓய்ந்தால் மனசு வலியைக் கணக்குப் பண்ண ஆரம்பித்துவிடும், அவ்வளவுதான்.

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் வழியாக ஏறக்குறைய 95 கிலோமீட்டர். 4 நாளாகப் பிரித்தால் நாளுக்கு 24. ஆகஸ்ட் 26 விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பினால் 29 மதியம் ஊர் வந்துவிடும், மாலை திருவிழாக் கொடியேற்றத்துக்கு நிற்கலாம். காலை 9 மணிக்கு மேல் நடக்கவே கூடாது, மறுபடி 4 மணிக்குத்தான். வெறுங்காலோடு நடப்பவர்களைக் கவனித்தால் தெரியும், வரிசை முழுக்க ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே போய்க்கொண்டிருக்கும். தார் கொதிக்கிற நேரத்தில் அந்தக் கோடு ஒன்றுதான் பாதம் வைக்கிற சூட்டில் இருக்கும். விடியுமுன் நடக்கும்போது எதிரே வண்டி வருகிற பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் சிவப்பு விளக்கு இருக்க வேண்டும்.

இனி ஜெபமாலைக்கு வருவோம். சாதாரண நடையில் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை ஒன்று சொல்லி முடிக்க 20 முதல் 25 நிமிடம் பிடிக்கும். அதற்குள் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நடந்திருப்போம். ஒரு ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பகுதி, ஒவ்வொன்றும் ஒரு "பத்து மணி". நாளுக்கு 4 ஜெபமாலை என்று வைத்தால் 20 பத்து மணிகள், 4 நாளில் 80. இந்தக் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. கிளம்பும் முன் பங்குக் கோயிலைச் சேர்ந்த வீட்டார் மன்றாட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளை வரம், ஆபரேஷன், கடன், குடியை விட வேண்டிய கணவன் என்று எல்லாம் இருக்கும். ஒவ்வொரு பத்து மணி ஜெபத்துக்கும் ஒரு சீட்டு வீதம் வாசித்து ஒப்புக்கொடுத்தால் 80 சீட்டு முடியும். 120 சீட்டு வந்துவிட்டால் நாளுக்கு 6 ஜெபமாலை. முதல் நாளே எண்ணிப் பிரித்து வைக்காத குழு, கடைசி நாள் நாகப்பட்டினத்தில் நின்றுகொண்டு கட்டாகக் கையில் வைத்து "இவர்கள் எல்லாருக்காகவும்" என்று ஒரே வரியில் முடிக்கும். கொடுத்தவர்கள் நம்பிக் கொடுத்தது அதற்கு அல்ல.

முன்வரிசை "அருள் நிறைந்த மரியே" சொல்ல, பின்வரிசை "புனித மரியே" சொல்ல வேண்டும். 40 பேருக்கு மேல் போனால் முன்னால் சொல்வது பின்னால் தேய்ந்துதான் கேட்கும். பின்னால் உள்ளவர்கள் குத்துமதிப்பாக ஆரம்பித்து, முதல் பாதி முடியுமுன்னே இரண்டாம் பாதி வந்து மோதும். வரிசையின் நடுவில் குரல் கனத்த ஒருவரை நிறுத்தினால் போதும். அவர் முன்வரிசையின் கடைசிச் சொல்லைக் கேட்ட பிறகே கை காட்டுவார். பாட்டிமார் இன்னும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்றுதான் சொல்வார்கள். அது சற்று நீளம். அவர்களைத் திருத்தப் பார்க்காமல் எல்லாரையும் ஒரே பக்கம் சேர்த்துவிடுங்கள், தாளம் தானாகச் சரியாகும்.

ஜெபமாலையோடு கிழமைக்கு ஒரு வரிசையாகத் தியானிக்கிற இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சிகளைத்தான் தேவ இரகசியங்கள், மறைபொருள்கள் என்கிறோம். அவற்றில் வியாழனும் சனியும்தான் தகராறு. 2002-இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்த பிறகு வியாழன் ஒளிக்குப் போனது, சனி மகிழ்ச்சிக்கு வந்தது. பழைய பழக்கத்தில் வியாழன் மகிழ்ச்சி, சனி மகிமை. நடுரோட்டில் இது ஒரு வழக்காக மாறாமலிருக்க, இரவு தங்கும் இடத்திலேயே நாளைக்கு எது என்று சொல்லிவிடுவது நல்லது.

பாட்டுக்கு வேறு சட்டம். விடியற்காலை மூன்று மணிக் குளிரில் தொண்டை தெளிவாக இருக்கிற தைரியத்தில் உச்சத்தில் பிடித்துவிடுவார்கள். மூன்றாவது பாட்டில் குரல் உடையும். தொடங்குகிறவர் தனக்கு வசதியான சுருதியிலிருந்து இரண்டு படி இறக்கியே எடுக்க வேண்டும். பல்லவி ஒரு மூச்சில் முடிகிற கீர்த்தனைதான் நடைக்கு உதவும். நீண்ட சரணங்களை ஒருவர் பாடட்டும், பல்லவிக்குக் கூட்டம் வரட்டும். டிரம் செட் வேண்டாம் என்று சொல்ல முடியாது, இளைஞர்கள் அதற்காகவே வருகிறார்கள். ஆனால் டிரம் சூடுபிடித்தால் நடை வேகமாகும், அரை மணியில் வயதானவர்கள் அரை கிலோமீட்டர் பின்னால் நிற்பார்கள். அதனால் டிரம்மின் இடம் வரிசையின் கடைசியில்தான்.

மாதா சுரூபம், அதாவது சிலை, வைத்த சப்பரத்தோடு வருகிற குழுக்களுக்கு ஒரு வார்த்தை. பிளாஸ்டர் சுரூபம் கழுத்தில்தான் விரிசல் விடும். ரோட்டின் அதிர்வு பீடத்திலிருந்து ஏறி மெல்லிய இடத்தில் போய் நிற்பதுதான் காரணம். அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்ச் போட்டு, கயிற்றைப் பீடத்தோடு கட்டுங்கள், இடுப்பில் கட்டாதீர்கள். மல்லிகை பத்து மணிக்கெல்லாம் பழுத்துவிடும். செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் இரண்டு நாள் தாங்கும். மாலையைச் சப்பரத்தின் சட்டத்தில் தொங்கவிட வேண்டும். ஈர நார் சுரூபத்தில் உரசினால் வர்ணம் கையோடு வரும்.

திருச்சிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கிடைக்கிற பாக்கியம் பூண்டி மாதா. கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா. இரண்டு தலங்களும் வீரமாமுனிவர் பெயரோடு சேர்ந்தவை. இத்தாலியில் பிறந்து, 1711-இல் தமிழ்நாட்டுக்கு வந்து, அடைக்கல மாதாவுக்குக் கலம்பகம் பாடிய மனிதர். கலம்பகம் என்பது அதுவரை கோயில் தெய்வங்களுக்கும் அரசர்களுக்கும் பாடிய வடிவம். அதை அப்படியே எடுத்து நம் தாயின் காலடியில் வைத்தார். அவருடைய தேம்பாவணிக் காப்பியத்தில் 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். தலைவன் சூசையப்பர். குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் பாலைவழி நடந்த அந்தத் தச்சரின் கதையைக் கேட்க, 24 கிலோமீட்டர் நடந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறவர்களைவிடப் பொருத்தமான சபை கிடைக்காது.

ஆனால் அளவு முக்கியம். இரவு தங்கலில் தேம்பாவணியிலிருந்து இரண்டு விருத்தம், அதிகம் போனால் மூன்று. சந்தி பிரித்து மெதுவாக ஒருமுறை வாசித்து, பொருள் சொல்லி, பிறகு ராகத்தில் பாட வேண்டும். பொருள் சொல்லாமல் பாடினால் பக்தியோடு தூங்கிவிடுவார்கள். விருத்தத்துக்குத் தாளக்கட்டு இல்லை, அதனால் நடக்கும்போது ஒட்டாது, உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். நடைக்கு அந்தாதி உகந்தது. ஒரு பாட்டின் கடைசிச் சொல்லே அடுத்த பாட்டை எடுத்துக் கொடுத்துவிடும், புத்தகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மகனை இழந்த தாயின் அழுகையை வீரமாமுனிவர் அந்தாதியில் வைத்தார். துயர மறைபொருள் சொல்கிற செவ்வாயோ வெள்ளியோ, ஜெபமாலை முடிந்த கையோடு அதில் நாலு பாட்டு பாடிப் பாருங்கள், பேச்சே எழாது.

இதையெல்லாம் அமுக்குகிற ஒன்று உண்டு. மினி வேனில் ஆளுயர ஸ்பீக்கர் அடுக்கி, சினிமா மெட்டில் மாதா பாட்டை அலறவிட்டுக்கொண்டு போகிற குழுக்கள். அந்த வேன் கடந்து போகும்வரை பத்து கிழவிகளின் ஜெபமாலை நின்றுபோகிறது. பக்தியில் குறை சொல்லவில்லை, பட்டனைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஊருக்குள் நுழைந்தால் அடுத்த தொல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்தே ரூம் வேணுமா என்று பையைப் பிடித்து இழுக்கிற புரோக்கர்கள், கேட்காமலே மெழுகுவர்த்தியையும் மாலையையும் கையில் திணித்துவிட்டுப் பிறகு விலை சொல்கிறவர்கள், மொட்டை போட்ட பிறகு தனியாகக் காசு கேட்கிறவர்கள். திணித்ததை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான் வழி. திருவிழா நாட்களில் அறைக்கு முன்பே ஏற்பாடு செய்யாமல் வருவது வீண் வேதனை.

நாகப்பட்டினம் தாண்டி மிச்சமிருக்கிற பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் முழுப் பயணத்திலும் கடினம். அதற்கென்று மாதா மன்றாட்டு மாலையை எடுத்து வைத்திருக்க வேண்டும். 1587-இல் திருச்சபை ஏற்ற அந்த மாலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட விளிகள். மறைபொருளின் ரோசாவே, தாவீது அரசரின் கோபுரமே, உடன்படிக்கையின் பேழையே, விடியற்காலத்தின் விண்மீனே. ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தின் பதில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." ஒரு விளியும் ஒரு பதிலும் சேர்ந்தால் ஏறக்குறைய எட்டு அடி. கால் வலிக்கிறது என்ற நினைப்பு ஒன்பதாம் அடியில்தான் வர முடியும், அதற்குள் அடுத்த பெயர் வந்துவிடும். 2020-இல் பிரான்சிஸ் பாப்பரசர் மூன்று விளிகளைச் சேர்த்தார். அதில் ஒன்று, ஊர் விட்டு ஊர் போகிறவர்களின் ஆறுதலே என்று மாதாவை அழைப்பது. பழைய ஜெபப் புத்தகங்களில் இவை இருக்காது, தெரியாதவர்கள் அந்த இடத்தில் தடுமாறுவார்கள். பேனாவால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் பிள்ளையை விட்டுவிட்டு நடக்கிற தாய்மார் எத்தனை பேர் அந்த வரியில் அழுகிறார்கள் என்று தெரிந்தால் விடமாட்டீர்கள்.

முழங்காலில் போவதாக நேர்ந்தவர்கள், பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையே உள்ள மணற்பாதைக்குச் சூரியன் ஏறுமுன் போய்விட வேண்டும். பேண்ட் போட்டுப் போனால் தையல் முட்டியை அறுத்துவிடும், வேஷ்டி நல்லது. பெண்கள் சேலையை முட்டிக்குக் கீழே இரண்டு மடிப்பாக வைத்துக்கொள்ளலாம். துண்டு சுற்றினால் நேர்ச்சை செல்லாது என்று பயமுறுத்துகிறவர்களை மதிக்காதீர்கள். அவள் தாய். பிள்ளையின் முட்டியில் ரத்தம் வர வேண்டும் என்று எந்தத் தாய் கேட்பாள்?

உள்ளே வரிசை நகர்ந்து நகர்ந்து பீடத்துக்கு முன் வரும்போது கிடைப்பது சில நொடிகள்தான். பட்டுச் சேலையில் நிற்கிறாள், கையில் பாலன். அப்போது நினைத்து வைத்த விண்ணப்பம் ஒன்றும் வாய்க்கு வராது. வீட்டுக் கடன் மறந்துபோகும், ஆபரேஷன் தேதி மறந்துபோகும். நாலு நாளும் நாக்கில் பழகின ஒன்று மட்டும் தானாக வந்து நிற்கும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். போதும் அம்மா. நாலு நாள் சொன்னது அந்த நாலு நொடிக்கான ஒத்திகை என்று அங்கேதான் புரியும். பின்னால் இருப்பவர் தள்ளுவார், நகருங்க நகருங்க என்று சத்தம் வரும், கண்ணீரில் பாதை தெரியாமல் வெளியே வந்துவிடுவோம். பீடத்தில் பதித்திருக்கிற பீங்கான் தட்டுகளை முதல்முறை யாரும் பார்ப்பதில்லை. வேதாகமக் காட்சிகள் தீட்டியவை. புயலில் தப்பிக் கரை சேர்ந்த போர்த்துக்கீசிய மாலுமிகள் திரும்ப வந்து கொடுத்த நன்றிக் காணிக்கை. கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் மறுபடி போய், அதற்காகவே நின்று பாருங்கள். கடல் கடந்து வந்தவனும் நடந்து வந்தவனும் ஒரே கடனைத்தான் தீர்க்க வந்தார்கள்.

கொடி ஏறும்போது "மரியே வாழ்க" என்று எழும் அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதத் தெரியவில்லை. செப்டம்பர் 7 இரவுப் பெரிய தேர்பவனியையும் 8-ஆம் தேதி மாதாவின் பிறந்தநாளையும் பார்க்கத் தங்குகிறவர்கள் தங்கட்டும். நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் மறுநாள் திருப்பலி முடிந்ததும் திரும்பிவிடுவார்கள்.

சீட்டுகள் எல்லாம் ஒப்புக்கொடுத்தாயிற்று. இன்னும் ஒரு ஜெபமாலை பாக்கி இருக்கிறது, அதை ஊர் திரும்பும் வேனில் சொல்லலாம். வழியில் அண்டாவில் மோர் வைத்துக் காத்திருந்த வீடு, கோயில் மண்டபத்தைத் திறந்து விட்டுப் படுக்கச் சொன்ன ஐயா, காலைப் பார்த்ததும் பேசாமல் வெந்நீர் வைத்துக் கொடுத்த இஸ்லாமிய அம்மா, கழிவறைச் சாவியைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்காத டீக்கடைக்காரர், லாரியை ஓரம் கட்டி வரிசை கடக்கும்வரை விளக்கைத் தாழ்த்தி நின்ற டிரைவர். நன்றி தாயே, நன்றி. ஆளுக்கு ஒரு பத்து மணி, ஐந்தும் அவர்களுக்கே.