பழி வாய் மேல், வேலை மாத்திரையுடையது

மருந்துக் கடை கவுண்டரில் அடிக்கடி கேட்கும் சண்டை இது. ஒருவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டால் பழி முதலில் விழுவது அவர் வாய் மேல்தான். "ஒளிச்சு ஒளிச்சு எதையோ சாப்பிடறார்" என்பார் மனைவி. "சத்தியமா இல்லை" என்பார் கணவர். நான் அந்தப் பஞ்சாயத்துக்குள் போவதில்லை. வீட்டில் இருக்கும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்வேன்.

"வேறு மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். பொய் இல்லை. போன வாரம் மூட்டில் போட்ட ஊசி அவர்கள் கணக்கில் மருந்தே கிடையாது. அது ஸ்டீராய்டு ஊசியாக இருந்தால் சில நாட்களுக்குச் சர்க்கரை எகிறும்.

ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் தந்திரக்காரன். மூச்சிரைப்புக்காகப் பிரெட்னிசோலோன் எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா வந்தார். காலையில் ஒரே வேளையாகச் சாப்பிடும் மாத்திரை. தினமும் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்து நோட்டில் குறித்திருந்தார், எல்லாம் 120-க்குள். ஆனால் நாக்கு வறள்கிறது, சாயங்காலமானால் பாத்ரூமுக்கு நடையாய் நடக்கிறேன் என்றார். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள் என்றேன். 300-ஐத் தாண்டியிருந்தது.

காலையில் விழுங்கும் பிரெட்னிசோலோன் மதியமும் மாலையும்தான் முழு வேகத்தில் இருக்கும். கல்லீரல் குளுக்கோஸைக் கூடுதலாக இறக்கிவிடும், தசைகள் இன்சுலின் பேச்சைச் சரியாகக் கேட்காது. விடிவதற்குள் வேகம் தணிந்துவிடுவதால் காலை ரத்தம் நல்ல பிள்ளையாகக் காட்டும். இது தெரியாமல் இரவு இன்சுலினைக் கூட்டினால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கிப் போய்விடும். ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே வரும்போதும் இதே ஆபத்து உண்டு. அதற்காகக் கூட்டிய சர்க்கரை மருந்தையும் டாக்டர் கூடவே குறைக்க வேண்டும். ஸ்டீராய்டுச் சீட்டு ஒரு டாக்டரிடமும் சர்க்கரைச் சீட்டு வேறொரு டாக்டரிடமும் இருந்தால் யார் குறைப்பது? பல நாள் நான்தான் போன் போட்டிருக்கிறேன்.

இந்த அம்மாவைப் போன்றவர்கள்தான் "சர்க்கரை இல்லாத இருமல் சிரப் கொடுங்க" என்று மறக்காமல் கேட்பார்கள். சிரப்பில் இருப்பது சில கிராம் சர்க்கரை. அதே பையில் ஸ்டீராய்டு அட்டை இருக்கும்!

பிபிக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, அதிக அளவில் எடுத்தால், பொட்டாசியத்தைக் குறைத்து இன்சுலின் சுரப்பையும் மந்தமாக்கும். மனநோய்க்கான ஒலான்சபின் எடையையும் சர்க்கரையையும் சேர்த்தே ஏற்றும். அதை வாங்க வருபவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சர்க்கரை டாக்டரிடம் அதன் பெயரையே சொல்லியிருக்க மாட்டார்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டாட்டினைப் பற்றித்தான் பயம் அளவுக்கு மீறிப் போய்விட்டது. சர்க்கரை கொஞ்சம் ஏறலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-லேயே லேபிளில் சேர்க்கச் சொன்னது. ஆனால் அந்த ஏற்றம் சிறியது, இதயத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பெரியது. அதைச் சொல்லாமல் பாதியை மட்டும் பரப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

ஏறுவதை விட இறங்குவதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடும் வயதானவருக்குச் சிறுநீர்த் தொற்றுக்காக லீவோஃப்ளாக்சசினோ கோட்ரிமாக்சசோலோ எழுதியிருந்தால், கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். சர்க்கரை தடாலென்று இறங்கலாம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் அந்த இறக்கத்தையே மறைத்துவிடும். படபடப்பு, கை நடுக்கம் இரண்டும் தெரியாமல் போகும். வியர்வையை மட்டும் அவற்றால் மறைக்க முடியாது. அதனால் காரணமில்லாமல் வேர்த்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள் என்று அட்டையிலேயே எழுதிக் கொடுப்பேன். "அப்போ இந்த மாத்திரையை நிறுத்திடட்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. திடீரென்று நிறுத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நெஞ்சுவலி வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.