இடக் கையும் கூட எழுதுகிறது

2024 ஜனவரி 9, செவ்வாய்

பருவம் இன்னும் வராத மகனை இன்று கிளினிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் அம்மா, அவனுடைய உயரத்தை அளப்பதற்கு முன்பே, சிங்களம் கலந்த தமிழில், "தம்பிக்கு மணம் தெரியுமா?" என்று கேட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பதினாறு வருடம் வளர்த்த எனக்கு அந்தப் பார்வை விளங்கச் சற்று நேரம் பிடித்தது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு அவனுடைய மூக்கருகே கோப்பித்தூள் போத்தலைப் பிடித்தார், ஒன்றுமில்லை என்றான். சவர்க்காரத்தைப் பிடித்தார்; ஒன்றுமில்லை. தைலத்துக்கு மட்டும், "மூக்குக்குள் குளிர்கிறது" என்றான். பிறகு வலக் கை விரல்களை வேகமாக மடக்கி விரிக்கச் சொன்னார். மடியில் சும்மா கிடந்த இடக் கை விரல்களும் மடங்கி விரிந்தன. அவர் அதை ஒரு வரியில் குறித்துக்கொண்டார்.

திரும்பும் பேருந்து கினிகத்தேனை வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன். மல்லிகையைக் கண்டால் எல்லாரும் வாசம் என்கிறார்கள், ஆகவே தானும் சொல்லப் பழகிக்கொண்டதாகச் சொன்னான். "அது பூவுக்குக் கொடுக்கும் மரியாதைச் சொல் என்று நினைத்திருந்தேன், அம்மா."

ஜனவரி 11, வியாழன்

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. தேயிலை ஸ்டோரில் இருபத்திரண்டு வருடமாக டீமேக்கர். நொதித்தல் போதுமா என்று மூக்கை வைத்துத் தீர்மானிப்பவர். எப்படிச் சொல்வது?

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். அண்ணன் பதுளையிலிருந்து நேற்றே வந்துவிட்டார். மார்கழி முழுவதும் கோவில் பஜனையில் பாடிய தொண்டை கட்டவில்லை; அந்த உச்சக் குரலுக்காகவே பக்கத்துத் தோட்டத்தாரும் அதிகாலையில் வந்து நிற்பார்களாம். ஐம்பத்திரண்டு வயது, முகத்தில் ஒரு மயிர் இல்லை, கலியாணம் இல்லை. சிறு வயதில் லயத்துப் பிள்ளைகள் அவரை அழைத்த பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மத்தியானம் கோவில் நன்கொடைக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தார். வலக் கை எழுத எழுத, மேசைமேல் கிடந்த இடக் கையின் விரல்களும் பேனா இல்லாமலே எழுதின. அதற்காகப் பள்ளிக்கூடத்தில் பிரம்பால் விரல் மொழியில் அடி வாங்கியவர் அவர். நாற்பது வருடமாகப் பார்த்துப் பழகிய கை. இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜனவரி 24, புதன்

டொக்டர் அம்மா முடிவுகளை வரிசையாக விரித்து வைத்தார். இடது மணிக்கட்டின் எக்ஸ்ரேயில் எலும்புக்கு வயது பதின்மூன்று. இரத்தத்தில் ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டெரோன் மிகக் குறைவு. அப்படிக் குறைந்தால் மூளையடியிலுள்ள கபச்சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ஏவல் ஓமோன்கள் இரண்டையும் கூட்டி விதைகளைத் தட்டியெழுப்ப வேண்டும், ஆனால் அவையும் குறைவாகவே இருக்கின்றன. ஆகவே குறை வேலையாட்களான விதைகளிடம் இல்லை, மேலேயிருந்து கட்டளை வரவில்லை. ஸ்கானில் வலது சிறுநீரகம் இல்லை. பிறவியிலேயே இல்லை. ஒன்றோடு நன்றாக வாழலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கையில் நான் அவனுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன் போலும். "அம்மா, போதும்" என்றான்.

பிந்திப் பூப்படையும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள், பெரும்பாலும் அவர்கள் தாமாகவே வளர்ந்துவிடுவார்கள்; மணம் தெரியாமை, அசையும் கை, ஒற்றைச் சிறுநீரகம் ஆகியவை சேர்ந்திருப்பதால்தான் தாம் வேறு விதமாக யோசிப்பதாகச் சொன்னார். கருவில் மூக்கு உருவாகும் இடத்தில் சில நரம்புக் கலங்கள் பிறக்கின்றன. அவை மண நரம்பின் இழைகளைப் பற்றிக்கொண்டு மூளைக்குள் நடந்து, ஹைப்போதலமஸ் என்ற பகுதி வரை சென்று குடியேற வேண்டும். பருவ வயதில் முதற்கட்டளை இடுபவை அவைதாம். பாதை உருவாகாவிட்டால் மணமும் வராது, பருவமும் வராது. பதினைந்து வருடம் விஞ்ஞானம் படிப்பித்தும் மூக்கிலிருந்து புறப்பட்டு வருவதுதான் ஆண்மையும் பெண்மையும் என்று எனக்குத் தெரியாது.

பெயர் கால்மன் சின்ட்ரோம். 1856 இலேயே ஸ்பெயினில் ஓர் உடற்கூற்றியலாளர் இந்த இரண்டு குறைகளையும் ஒரே உடலில் கண்டு எழுதியிருக்கிறார். குடும்பங்களில் தொடர்ந்து வருவதை 1944 இல் காட்டியவர் கால்மன். வீட்டுக்கு வந்து அவரைப் பற்றியும் படித்தேன். மனநோயாளிகளின் உறவினர்களுக்கும் கருத்தடை செய்ய வேண்டும் என்று வாதிட்ட மனிதராம். அவருடைய பெயரை என் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் சுமக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கொப்பியில் அதுதான் எழுதியிருக்கிறது.

ஜனவரி 25, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. நாள் முழுக்க மூடுபனி. எதிர் லயம்கூடத் தெரியவில்லை.

பெப்ரவரி 2, வெள்ளி

பதினோராம் தரத்துக்குப் பரம்பரை அலகு. குருதியுறையா நோய், நிறக்குருடு. தாயின் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களில் ஒன்றில் பழுது இருந்தால் அவளுக்கு ஒன்றும் செய்யாது, மற்றது காப்பாற்றிவிடும். மகனுக்கு ஒரே எக்ஸ், அதுவும் தாயிடமிருந்து, ஆகவே பாதி வாய்ப்பு. வட்டம் போட்டு நடுவே புள்ளி வைத்து, பழுதைச் சுமப்பவள் என்ற பொருளில், "இவள் காவி" என்று எழுதினேன். வருடா வருடம் போடும் புள்ளி. சுண்ணக்கட்டி முறிந்துவிட்டது. மூன்றாவது வரிசையிலிருந்து மகன் என்னைப் பார்க்கவில்லை, கொப்பியில் படத்தைக் கவனமாக வரைந்துகொண்டிருந்தான்.

பெப்ரவரி 11, ஞாயிறு

அம்மாவிடம் போய் வந்தேன். அண்ணனுக்காக அந்தக் காலத்தில் முனியாண்டி கோவிலில் கிடா வெட்டியது, தாயத்துக் கட்டியது, பதின்மூன்று வயதில் கழிப்புக் கழித்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். நான் வேறு கேள்வி கேட்டேன்: உன் பக்கத்தில் இப்படி யாராவது? வெற்றிலையை மென்றபடி நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் தம்பி ஒருத்தன் இருந்தான்" என்றாள். மீசை முளைக்காத தம்பி. சாம்பிராணிப் புகைக்கும் எரிந்த கஞ்சிக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று வீட்டில் சிரிப்பார்களாம். தோட்டத் தமிழரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பிரித்த 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பாட்டி குடும்பத்துக்கு இந்தியா என்று விழுந்தது. கலியாணமாகியிருந்த அம்மா இங்கே நின்றாள், மற்றவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். இரண்டு கடிதம் வந்ததாம், பிறகு இல்லை.

டொக்டர் கேட்ட குடும்ப மரத்தில் அந்தத் தம்பிக்குச் சதுரம் வரைந்துவிட்டு, நோய் இருந்தவன் என்று நிறம் தீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் வைத்திருக்கிறேன். அம்மா ஒரு புள்ளி, நான் ஒரு புள்ளி. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. எழுபத்தாறு வயதில் அவளுக்கு அந்தப் புள்ளி எதற்கு?

பெப்ரவரி 20, செவ்வாய்

மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். கொழும்பு வழியாக இந்தியாவுக்குப் போகுமாம். செலவு என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலே. சீட்டுக் காசை முன்கூட்டியே எடுத்தேன். ஒரே மரபணுவை மட்டும் பார்ப்பதில்லை, பலவற்றை ஒன்றாகப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தும் ஏறக்குறையப் பாதிப் பேரில் எதுவும் கிடைப்பதில்லை என்று முன்னமே சொல்லிக் கையொப்பம் வாங்கினார். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஊசி ஒன்றுதான். பிறகு எதற்கு என்று இவர் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அண்ணனை நினைத்துத்தான் கையொப்பம் போட்டேன் என்று தோன்றுகிறது.

மார்ச் 3, ஞாயிறு

இவரிடம் மணம் பற்றியும் சொல்லியாயிற்று. இரண்டு நாள் பேசவில்லை. இன்று அதிகாலை மகனை எழுப்பிக்கொண்டு ஸ்டோருக்குப் போனவர், ஒன்பது மணிக்குத் திரும்பினார். அரைத்த கொழுந்து பச்சையிலிருந்து செப்பு நிறத்துக்கு மாறுவதைக் கண்ணாலும், குவியலின் சூட்டைக் கையாலும் அறிவது எப்படி என்று காட்டிக் கொடுத்தாராம். "கண் தெரிந்தால் பாதி வேலை முடியும்" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மார்ச் 19, செவ்வாய்

நான்கு வாரம். ஒன்றும் வரவில்லை. தொலைபேசி அடித்தபோது ஓடினேன்; காப்புறுதிக்காரன்.

மார்ச் 27, புதன்

இன்று எல்லாவற்றின் மீதும் கோபம். கடையில் மகன் சாமான் கேட்டபோது முதலாளி, "என்ன மகள்?" என்று நிமிர்ந்தார், பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஏப்ரல் 5, வெள்ளி

பரிசோதனை முடிவு கிடைத்துவிட்டது. எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள ஏனோஸ் 1 என்ற மரபணுவில் ஓரெழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தால் புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. கலங்கள் நடக்க வழி விடும் புரதம். 1991 இல் கண்டுபிடித்த மரபணுவாம். அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

மகன் டொக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, பிள்ளை பிறக்குமா என்பது. இப்போது ஊசி பருவத்தைக் கொண்டு வரும், பிள்ளை வேண்டும் காலத்தில் வேறு ஊசிகள் உண்டு, பலருக்குப் பலித்திருக்கிறது என்றார். அப்படிப் பிறக்கும் ஆண்பிள்ளைக்கு இது போகாது, பெண்பிள்ளைகள் எல்லாரும் காவிகள் என்றும் மறைக்காமல் சொன்னார். முதல் ஊசி மிகக் குறைந்த அளவில், மே மாதப் பரீட்சை முடிந்த பிறகு.

மகளைப் பற்றி நான் கேட்டேன். அவளுக்குப் பதினொன்று. அவளுடைய உடலுக்கு இதனால் இப்போது ஆக வேண்டியது ஒன்றுமில்லை, ஆகவே பரிசோதிக்க வேண்டாம், வளர்ந்து அவளே கேட்கும்போது பார்க்கலாம் என்றார். சரிதான். ஆனால் அவளை மணம் பேச வருகிறவர்களுக்கு நான் என்ன சொல்வேன்? சொல்லாமல் இருந்தால் நான் யார்? இரவு அவளுக்குச் சடை பின்னும்போது இதையே நினைத்துப் பின்னலை மூன்று முறை அவிழ்த்தேன். அவள் சாந்துப் பொட்டை முகர்ந்து, "நல்ல வாசம்" என்றாள். அது ஒன்றையும் காட்டாது என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 16, செவ்வாய்

வருஷப்பிறப்புக்கு அண்ணன் வந்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லி, குடும்ப மரத்தையும் காட்டினேன். தன் சதுரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார், இடக் கை விரலும் காற்றைத் தொட்டது. ஐந்து வருடத்துக்கு முன் குளியலறைப் படியில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்ததும் இதனால்தான் இருக்கக்கூடும், அந்த ஓமோன் இல்லாமல் எலும்பு தேய்ந்துவிடும், இந்த வயதிலும் ஊசி பலன் தரும், டொக்டர் அழைத்து வரச் சொல்கிறார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அழுவார் என்று பயந்திருந்தேன். "அப்படியானால் அதற்குப் பெயர் இருக்கிறது" என்றார். அவ்வளவுதான். பிறகு பிள்ளைகளோடு பலகாரம் தின்னப் போய்விட்டார்.

இன்று காலை ரயில் ஏறும் முன் மேடையில் கேட்டார்: ஊசி போட்டால் குரல் உடைந்துவிடுமா? பஜனையில் அந்த உச்சம் இனி எட்டாதா? எனக்குத் தெரியாது, அடுத்த கிளினிக்கில் கேட்கிறேன் என்றேன். எலும்புக்கு மட்டும் வேறு மருந்து உண்டா என்றும் கேட்கச் சொன்னார்.

இரண்டையும் கொப்பியின் பின்னட்டையில் குறித்திருக்கிறேன். கிளினிக் 30 ஆம் திகதி.