அவிநாசியில் பழமை பேசப் பழகினோம்

மலேசியாவின் கிள்ளானிலிருந்து திருப்பூர் பக்கத்து அவிநாசிக்குக் குடிவந்த முதல் வாரம். பக்கத்து வீட்டு ஆத்தா திண்ணையில் உட்கார்ந்தபடி என் மகனைப் பார்த்து, "வாங்க கண்ணு, உக்காருங்க. ரெண்டு பழமை பேசிட்டுப் போலாம்" என்று கூப்பிட்டார். அவனுக்கு ஏழு வயது. என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பாட்டி யாரைக் கூப்பிடறாங்க?" என்று என் காதில் கேட்டான். சின்னப் பிள்ளையையும் வாங்க, போங்க என்று கூப்பிடுகிற ஊரை அவன் அதுவரை பார்த்ததில்லை. பழமை என்றால் ஏதோ பழைய சங்கதி என்று நானும் நினைத்துக்கொண்டேன். கொங்கு நாட்டில் பழமை என்றால் பேச்சு. உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவதற்கு இவர்கள் வைத்திருக்கும் சொல் அது.

கணவரின் பாட்டனார் நாமக்கல் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். பேரனுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை கிடைத்து, 2024 மே மாதம் நாங்கள் மூவரும் திரும்பி வந்தோம். விசா, போலீஸ் பதிவு, கேஸ் இணைப்பு, வீட்டுக்கு அட்வான்ஸ் எல்லாம் அலைச்சல்தான், ஆனாலும் இரண்டு மாதத்தில் முடிந்துவிட்டது. முடியாமல் நின்றது ஒன்றே ஒன்று, மகனின் பேச்சு.

தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் என்ன சிரமம் வந்துவிடப் போகிறது என்றுதான் இருந்தோம். பினாங்கில் 1816-இல் தமிழ் வகுப்பு தொடங்கிய நாடு மலேசியா, இன்றும் அங்கே ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பெருமையோடுதான் சூன் மாதம் அவனைப் பள்ளியில் சேர்த்தோம்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காலையில் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் எழுந்து சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இவனும் எழுந்து, "எங்கம்மா தண்ணி கலக்கிக் கொடுத்தாங்க. பசியாறிட்டு அப்பா காடியில வந்தேன்" என்றிருக்கிறான். எங்கள் ஊரில் தண்ணி கலக்குவதென்றால் மைலோவோ டீயோ போடுவது. பசியாறுவது காலை உணவு. காடி என்றால் கார். இங்கே 'தண்ணி'க்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. வகுப்பே சிரித்தது, டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று உட்கார்ந்தவன் நான்கு மாதம் எழுந்து பேசவில்லை.

வீட்டில் அவன் வாய் மூடவே மூடாது. பள்ளிக்குள் நுழைந்ததும் உதடு ஒட்டிக்கொள்ளும். பெயர் கூப்பிட்டால் கை மட்டும் தூக்குவான். சிறுநீர் கழிக்கக்கூடக் கேட்க மாட்டாமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவான். டைரியில் 'வகுப்பில் பேசுவதில்லை' என்று எழுதி வந்தது. நானும் எல்லாத் தாய்மாரும் செய்வதைத்தான் செய்தேன். விருந்தினர் முன்னால் "சொல்லு கண்ணா, ஆண்டிக்கு உன் பேரைச் சொல்லு" என்று தள்ளினேன். அவன் திணறும்போது நானே பதில் சொன்னேன். பேசினால் சைக்கிள் வாங்கித் தருவதாக ஆசை காட்டினேன். மூன்றும் அவனை இன்னும் உள்ளே தள்ளின.

கோயம்புத்தூரில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் கூட்டிப் போனோம். முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்தார். பேசாத பிள்ளை, பேச்சு தாமதமான பிள்ளை யாராக இருந்தாலும் அதுதான் முதல் படியாம். காதில் குறை இருப்பது தெரியாமல் வருடக்கணக்கில் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கட்டணம் கட்ட முடியாதவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையத்தில் கேட்கலாம், இந்தச் சோதனைகளை அங்கே பணம் வாங்காமல் செய்கிறார்கள். இவனுக்குக் காது நன்றாகவே கேட்டது.

அவர் சொன்னவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை பள்ளி போன்ற இடத்தில் மாதக்கணக்கில் பேச முடியாமல் நிற்பதற்கு செலக்டிவ் மியூட்டிசம் என்று பெயர். அது பிடிவாதத்தில் வருவதில்லை, பதற்றத்தில் வருவது. நாடு மாறி வந்திருப்பதால் இப்போதே அந்தப் பெயரை இவன்மேல் ஒட்ட வேண்டாம், ஆனால் அதற்குச் செய்வதையே இவனுக்கும் செய்யலாம் என்றார். கேள்வி கேட்பதைக் குறையுங்கள். "என்ன வரையறே?" என்பதை விட்டு "அட, யானைக்குத் தும்பிக்கை நீளமா இருக்கே" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். கேள்வி கேட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவன் நன்றாகப் பேசும் இடத்தில், ஒரே ஒரு தோழனோடு தொடங்குங்கள். அது பழகிய பிறகு இரண்டாவது ஆளை மெதுவாக உள்ளே விடுங்கள், முதலில் வாசலில், அப்புறம் அறைக்குள், அப்புறம் பாயில்.

இந்த ஐந்து வரை எண்ணுவது இருக்கிறதே, அதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ஒரு பிள்ளையின் மௌனத்துக்கு முன்னால் ஐந்து நொடி எவ்வளவு நீளம் என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆத்தாவின் மருமகள் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவர். 2021 அக்டோபரில், கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட அரசு தொடங்கிய மாலை வகுப்பு அது. அந்தப் பழக்கத்தில் இன்றும் பொழுதோட பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். மகனையும் அனுப்பினேன். ஒன்பது நாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான், திண்ணையில் ஏறவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. அந்த மருமகள் அக்கா மட்டும், "நிக்கட்டும் விடுங்க, அவன் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான இருக்கறான்" என்றார்.

பயிற்சியாளரும் அதையே வேறு மாதிரி சொன்னார். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-இல் குழந்தைகளின் விளையாட்டைப் பிரித்து எழுதியபோது, தனியாக விளையாடுவது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடுவது, சேர்ந்து விளையாடுவது இவற்றோடு, நின்று வேடிக்கை பார்ப்பதையும் ஒரு நிலையாகவே வைத்தாராம். பிள்ளைகள் இந்தப் படிகளில் வரிசையாகத்தான் ஏறுவார்கள் என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் எனக்கு அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. தூணருகே நின்றவனும் விளையாட்டுக்குள்தான் இருந்திருக்கிறான்.

பத்தாவது நாள் தெருவில் பெரிய பையன்கள் சில்லாங்குச்சி, அதாவது கிட்டிப்புள், ஆடிக்கொண்டிருந்தார்கள். குச்சி பறந்து போய்க் கிளுவை வேலிக்குள் விழுந்தது. முள்ளுக்குப் பயந்து எல்லாரும் தயங்கி நிற்க, இவன் குனிந்து உள்ளே கைவிட்டு எடுத்துக் கொடுத்தான். அடுத்த ஆட்டத்தில் அவனை எதிர்ப் பக்கம் குச்சி பிடிக்க நிறுத்திவிட்டார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "நானும் வரட்டா?" என்று கேட்கும் பிள்ளைக்கு அநேகமாக "வேண்டாம்" என்ற பதில்தான் கிடைக்கும். என்ன ஆட்டம் நடக்கிறது, எதற்கு ஆள் தேவைப்படுகிறது என்று பார்த்து அந்த இடத்தில் போய் நிற்கிற பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். பெரியவர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியது இதைத்தான் என்று அன்று எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஒரு சின்னக் குழு தொடங்கினேன். மூன்றே பிள்ளைகள். நான்கு பேரானால் இரண்டிரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள், ஆறு பேரானால் ஒருவர் காணாமலே போய்விடுகிறார். டேனியல் லெகோஃப் என்ற உளவியலாளர் லெகோ கட்டைகளை வைத்துச் செய்த ஒரு முறையை 2004-இல் எழுதினார். படம் ஒருவரிடம் இருக்கும், கட்டைகள் இன்னொருவரிடம் இருக்கும், மூன்றாமவர்தான் கட்ட வேண்டும். ஒருவர் பேசாவிட்டால் மற்ற இருவருக்கும் வேலை ஓடாது. எங்களிடம் அவ்வளவு லெகோ இல்லை. திருப்பூரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லையே. கணவர் ஒரு பை நிறையக் கட்டிங் துண்டுகள் கொண்டுவந்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். நீளத் துண்டு, சதுரத் துண்டு, வட்டத் துண்டு என்று வெட்டி வைத்தேன். வீடு, மயில், தேர் என்று அட்டையில் நானே படம் போட்டேன். படம் வைத்திருப்பவர் துணியைத் தொடக் கூடாது, வாயால் மட்டுமே சொல்ல வேண்டும்.

மகனை முதல் இரண்டு வாரம் அடுக்குகிறவனாக வைத்தேன். அதற்குப் பேச்சே வேண்டாம், கேட்டால் போதும். எதிர்வீட்டுப் பெண் படத்தைப் பார்த்து "அக்கட்டால வை, இன்னும் அக்கட்டால" என்பாள். அந்தப் பக்கம் என்பதற்கு அந்தச் சொல் என்பது இவனுக்குத் துணியைத் தள்ளித் தள்ளியே பிடிபட்டது. மூன்றாம் வாரம் துண்டு எடுத்துக் கொடுப்பவனாக மாற்றினேன். அதில் ஒரு சொல்லாவது வேண்டும். அவள் "சிவப்பு" என்றாள். பையில் இரண்டு சிவப்பு இருந்தன. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான். நான் அடுப்படியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு. ஐந்து. ஏழு. "நீளமா, சதுரமா?" என்று கேட்டான். வீட்டுக்கு வெளியே உள்ள ஒரு பிள்ளையிடம் இந்த ஊரில் அவன் கேட்ட முதல் கேள்வி. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் "நீளம்" என்றாள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததுதான் எனக்கு இன்னும் பிடித்திருந்தது.

கூட்டத்தில் பேச வைக்கிறேன் என்று கூச்சப்படும் பிள்ளையை நேராகப் பேச்சுப் போட்டி மேடைக்கு அனுப்புகிறவர்களைப் பார்க்கிறேன். பயம் தெளியும் என்கிறார்கள். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்கும் எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்வதற்கும் சம்பந்தமே இல்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இன்னொன்றும் நடந்தது. சிரித்த பிள்ளைகளுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும் என்று சொல் மாற்றும் விளையாட்டு ஒன்று வைத்தேன். இவன் ஒரு சொல் தர வேண்டும், அவர்கள் ஒரு சொல் தர வேண்டும். வேகமாக என்பதற்கு வெசையா, கொல்லைப்புறத்துக்குப் பொடக்காலி, விருந்தாளிக்கு ஒறம்பரை எல்லாம் இவனுக்கு வந்தன. இவன் சந்தைக்குப் பசார் கொடுத்தான், காடி கொடுத்தான், யோசித்து யோசித்துப் பசியாறுவதையும் கொடுத்தான். ஆத்தா அதைக் கேட்டுவிட்டு, "பசியாறறதுன்னா எவ்வளவு நல்ல பழமை!" என்றார். மறுநாளிலிருந்து அந்தத் திண்ணையில் ஒருவரையொருவர் பார்த்தால் "பசியாறியாச்சா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். வகுப்பு டீச்சரிடமும் போய்ச் சொன்னேன். பாவம், அந்தச் சிரிப்பு அவருக்கு நினைவிலேயே இல்லை, கேட்டதும் முகம் வாடிவிட்டது. அன்றிலிருந்து எழுப்பி நிறுத்திக் கேட்பதை விட்டு, முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் சொல்லி, அப்புறம் வகுப்புக்குச் சொல்ல வைத்தார்.

அவிநாசியில் ஒரு கதையை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். குளத்தில் குளிக்கப் போன இரண்டு சிறுவர்களில் ஒருவனை முதலை விழுங்கிவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்துச் சுந்தரர் இந்த ஊருக்கு வரும்போது, தப்பித்த சிறுவனுக்குப் பூணூல் கல்யாணம் நடந்து ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. அவர் பதிகம் பாட, முதலை அந்தப் பிள்ளையை அத்தனை ஆண்டு வளர்ச்சியோடு கரையில் கொண்டுவந்து விடுகிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவுத் திட்டத்தில் பவானித் தண்ணீர் வந்து சேர்ந்த ஒரு குட்டைக் கரையில் உட்கார்ந்து, ஐப்பசியில் ஒரு நாள் இதைக் குழுவாகச் சொன்னார்கள். ஓர் அஞ்சாங்கல் கை மாறும், கல் கையில் இருப்பவர் மட்டுமே பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். மகன் முதலையாக இருக்கிறேன் என்று கையாலேயே காட்டினான். முதலைக்கு வாயைத் திறப்பது மட்டும்தான் வேலை. விழுங்கினான், படுத்துக்கொண்டான்.

எதிர்வீட்டுப் பெண்தான் அழும் தாய். கல்லை வைத்துக்கொண்டு, "எம் பையன் இத்தன வருசமா பேசாமக் கொள்ளாம அதுக்குள்ள கிடக்கறானே" என்று புலம்பினாள். முதலை எழுந்து உட்கார்ந்து கல்லுக்குக் கை நீட்டியது. "அவன் உள்ள பேசிக்கிட்டுத்தான் இருந்தான். உங்களுக்குத்தான் கேக்கல" என்றான் என் மகன். பிள்ளைகள் கதையை விடாமல் அடுத்த ஆளுக்குக் கல்லைக் கொடுத்துவிட்டார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன்.

இந்தப் பொங்கலுக்குக் காப்புக் கட்ட, பிள்ளைகளெல்லாம் சேர்ந்து பூளைப்பூவும் ஆவாரம்பூவும் பறிக்கப் போனார்கள். அவனும் போனான். திரும்பி வந்தபோது கால் நிறைய முள், வாய் நிறையப் பேச்சு. பள்ளியில் கூட்டமாக இருந்தால் இன்னும் குரல் தாழ்ந்துவிடுகிறது, புது ஆசிரியர் வந்தால் ஒரு வாரம் ஆகிறது. ஆனால் இப்போதெல்லாம் வேண்டியதைக் கேட்டுவிடுகிறான்.

தை கடைசியில் பின்தெருவுக்கு ஒடிசாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தகப்பனார் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறார். ஐந்து வயதுப் பெண் குழந்தை, ஒரு சொல் தமிழ் தெரியாது. சனிக்கிழமை துணித் துண்டுகளைப் பரப்பியபோது எங்கள் வீட்டுக் கதவோரம் வந்து நின்றாள். எதிர்வீட்டுப் பெண் "உன் பேரு என்ன?" என்று ஆரம்பித்தாள். மகன் அவளைத் தொட்டு நிறுத்தினான். பாயில் தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, ஆத்தாவின் குரலிலேயே "வாங்க கண்ணு" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை. மஞ்சள் வட்டத்தை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து அவள் உள்ளே வந்து அதை எடுத்தாள்.