பில் இல்லாத சைக்கிளும் பெரியம்மாவின் சைக்கிளும்

சைக்கிள் கைவிட்டுப் போய் மூன்று மாதமாகிறது. இப்போதும் சந்தைப் பக்கம் போனால் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்கிறது. பழைய சைக்கிள் தேடுகிற தம்பி தங்கைகள் யாராவது இதை வாசித்தால், நான் தொலைத்த 16,000 ரூபாவுக்கு ஒரு பயனாவது இருக்கும்.

திருகோணமலையில் அலஸ்தோட்டத்தில் போர்டிங், கோணேசபுரி வளாகத்தில் வகுப்பு. நிலாவெளி வீதியில் காலையில் வரும் பஸ் நிலைமை இங்கே படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் ஓட்டோ பிடிக்க எங்களிடம் காசில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது ஏறிய புதுச் சைக்கிள் விலை எனக்கு எட்டவே இல்லை. சரி, பழையது வாங்குவோம் என்று பேஸ்புக்கில் தேடினேன்.

சிவப்பு லேடீஸ் சைக்கிள், முன்னால் கூடை, டயர் இரண்டும் நல்ல நிலை. விற்றவர் அனுராதபுரச் சந்தியில் வந்து சந்தித்தார். பிறேக் பிடித்துப் பார்த்தேன், ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். பில் கேட்டதற்கு, "வீட்டில கிடக்கு தங்கச்சி, நாளைக்குப் படம் எடுத்து வட்ஸ்அப்பில அனுப்புறன்" என்றார். நம்பினேன். காசைக் கையில் கொடுக்கத்தான் நினைத்திருந்தேன். கூட வந்த சிநேகிதிதான் பிடிவாதமாக வங்கிக் கணக்குக்குப் போட வைத்தாள். அவளுக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பில் வரவே இல்லை. பதினேழாம் நாள் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒருவர், "பிள்ளை, கொஞ்சம் நில்லுங்கோ" என்றார். சாதாரண தரம் எழுதப் போகும் தன் மகளின் சைக்கிள் டியூஷன் வாசலில் களவு போனதாம். கத்தவில்லை, ஆட்களைக் கூட்டவில்லை. வீட்டுக்குப் போய்க் கடைப் பில்லை எடுத்து வந்தார். சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டி, பெடல் அச்சுக்குக் கீழே ஒட்டியிருந்த சேற்றைத் துணியால் துடைத்தார். பில்லில் இருந்த அதே எண் அங்கே இருந்தது. வாங்கிய அன்று நான் ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் அந்த எண்ணைப் படமெடுத்து, பில்லைக் காட்டினால்தான் காசு என்று சொல்லியிருக்கலாம்.

சைக்கிள் என் கையை விட்டுப் போனது. அதை எப்படி வாங்கினேன் என்று வாக்குமூலம் கொடுக்கப் பொலிஸ் நிலையத்துக்கு நாலு தரம் அலைந்தேன். முதல் நாள் எழுதுகிறவர் இல்லை. இரண்டாம் நாள் நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வைக்கச் சொன்னார். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, தமிழில் எழுதித் தாருங்கள், இல்லாவிட்டால் வாசித்து விளங்கப்படுத்துங்கள் என்று கேட்டேன். குரல் நடுங்கியது. ஆனாலும் கேட்டேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நாளைக்கு வா என்றார். அடுத்த நாள் தமிழ் உத்தியோகத்தர் ஒருவர் வாசித்துக் காட்டியபோதுதான், நான் சைக்கிளை "சந்தையில்" வாங்கியதாக எழுதியிருப்பது தெரிந்தது. திருத்தி எழுத இன்னொரு நாள். களவு என்று தெரிந்துகொண்டே பொருளை வைத்திருப்பது குற்றம். அந்தப் பழி என்மேல் வராமல் காத்தவை வட்ஸ்அப் உரையாடலும் வங்கி ரசீதும்தான். கையில் காசைக் கொடுத்திருந்தால் என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது. விற்றவரின் தொலைபேசி இன்றுவரை வேலை செய்யவில்லை.

ஆகவே பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் புரட்டிப் பாருங்கள். எண் பெடல் அச்சுக்குக் கீழேயோ, சீட்டுக்குக் கீழே உள்ள குழாயிலோ இருக்கும். சுரண்டியிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். பில் இல்லை என்றால், விற்கிறவரின் அடையாள அட்டை எண், சைக்கிள் எண், தொகை மூன்றும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒழுங்கான ஆள் மறுக்க மாட்டார்.

நீதிமன்றங்களில் உரிமை கோராத சான்றுப்பொருட்களை ஏலம் விடுவார்கள், அங்கே மலிவாக எடுக்கலாம் என்று யாரோ சொல்ல, ஒரு ஏலத்துக்கும் போனேன். நான் போன அன்று சைக்கிள்களைக் குவியலாகத்தான் விற்றார்கள். பழைய இரும்பு வியாபாரிகள் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு நாள் வகுப்பு போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் அம்மா தம்பலகாமத்தில் இருக்கும் பெரியம்மாவின் சைக்கிளை ஞாபகப்படுத்தினார். பெரியம்மா குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவர். வயல் கரையால் வீடு வீடாகப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கப் போன லுமாலா சைக்கிள் அது. ஸ்கூட்டர் வந்த பிறகு குசினிக்குப் பின்னால் சாத்தியிருந்தது. 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் மறுபடி ஓடியது. பிறகு பழைய இடத்துக்கே போய்விட்டது. கேட்டதும், "கொண்டு போ மகள், துருப்பிடிச்சுக் கிடக்கிறதுக்கு நீ ஓடு" என்றார். சந்தைக்குத் தயிர்ச் சட்டி ஏற்றிவரும் பக்கத்து வீட்டு டிமோ பட்டா சின்ன லொறியில் அதையும் போட்டுவிட்டார்கள்.

ஆனால் சுட்ட கை எனக்கு. இந்தச் சைக்கிளின் பில் எப்போதோ கறையான் அரித்துப் போனது. அதனால் பெரியம்மா எனக்குக் கொடுத்ததாகச் சத்தியம் செய்து கையெழுத்து வைக்கும் பத்திரம், ஒரு சத்தியக்கடதாசி, முடிக்க வேண்டும் என்று நின்றேன். சைக்கிளுக்குப் போய் சத்தியக்கடதாசியா என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். நான் மட்டும் கடிதத்தோடு போனபோது சமாதான நீதவான், கொடுக்கிறவர் நேரில் வந்து தன் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது சரிதான். அடுத்த ஞாயிறு பெரியம்மா அடையாள அட்டையோடு வந்தார், பத்து நிமிடத்தில் முடிந்தது. சைக்கிள் எண்ணை அதில் எழுத மறக்காதீர்கள்.

அடுத்த பிழை டயரில். பழைய டயர் இரண்டும் வெடித்திருந்தன. கடையில் போய் "26 டயர்" என்றேன், தந்தார்கள், வாங்கி வந்தேன். ரிம்மில் ஏறவே இல்லை. லேடீஸ் சைக்கிளின் 26 வேறு, மவுண்டன் சைக்கிளின் 26 வேறு. பழைய டயரின் பக்கவாட்டில் 37-590 என்று இருக்கும். கடைசி எண்தான் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில். மவுண்டன் டயரில் அது 559. 31 மில்லிமீற்றர் வித்தியாசம், எந்தப் பலசாலியாலும் ஏற்ற முடியாது. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. கடைக்குப் போகுமுன் அந்த எண்ணைப் படமெடுத்துக்கொண்டு போங்கள்.

உப்புவெளியில் வேப்பமரத்தடியில் சைக்கிள் திருத்தும் ஐயாவிடம்தான் கடைசியில் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். அவர் முன் சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கைத் தடவிப் பார்த்தார். எங்காவது அடிபட்டு வளைந்திருந்தால் பெயின்ற் சுருங்கியிருக்குமாம். செயினில் 24 கண்ணியை அளந்தார். அது 12 அங்குலம் இருக்க வேண்டும்; எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்ததால் மாற்றச் சொன்னார். பெடல் கையை அச்சோடு பிடிக்கும் கொட்டர் பின் இரண்டையும் மாற்றி, அச்சுக்குள் இருக்கும் பெயாரிங் குண்டுகளைக் கழுவி, புதுக் கிறீஸ் போட்டார். ரிம் பழையதே போதும் என்று கம்பிகளை இறுக்கி நெளிவு எடுத்தார். நான் வீணாக்கிய டயர்களை இன்னொரு பிள்ளைக்கு விற்றும் தந்தார். டயர், டியூப், செயின், பிறேக் றப்பர், கூலி எல்லாம் சேர்த்து 13,750 ரூபா. மூன்று தவணையில் கொடுத்தேன்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடாதே என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. பிசினாகி மணலை இழுக்கும். இந்த வீதியில் மணலுக்குக் குறைவில்லை. தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு, பிறகு துணியால் துடைப்பு. கடல் காற்றுக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும் என்பதால் நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைக்கிறேன். கச்சான் காற்று வீசும் நாட்களில் அது பக்கத்தால் தள்ளும். ஆனாலும் அலஸ்தோட்டத்திலிருந்து வளாகத்துக்கு நேரத்துக்குப் போய்விடுகிறேன்.

போன கிழமை இரவு டைனமோ வயர் கழன்று லைட் எரியவில்லை. சாம்பல்தீவுப் பக்கம் பொலிஸார் மறித்தார்கள். லைட்டுக்காக எச்சரித்துவிட்டு, சைக்கிள் யாருடையது என்று கேட்டார்கள். பையிலிருந்து சத்தியக்கடதாசியை எடுத்துக் கொடுத்தேன். டோர்ச் வெளிச்சத்தில் எண்ணைச் சரிபார்த்துவிட்டு மடித்துத் தந்தார்கள். அங்கிருந்து போர்டிங் வரை உருட்டிக்கொண்டே வந்தேன். வயரைக் காலையில் ஐயா இலவசமாகவே பூட்டித் தந்தார்.