டிலோரியன் இன்னும் எத்தனை ஓடுகின்றன: நான் எண்ணிப் பார்த்த அனுபவம்

வட அயர்லாந்தின் டன்மரி ஆலையில் 1981, 1982 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 9,000 டிலோரியன் டிஎம்சி-12 கார்கள் தயாராயின. அவற்றுள் சுமார் 6,500 மிஞ்சியிருக்கின்றன என்று ஆர்வலர்கள் வழக்கமாகச் சொல்வதுண்டு. அந்தக் கணக்கை நானே ஒருமுறை போட்டுப் பார்க்கும் ஆசையில் சில மாதங்களாக ஓய்வு நேரத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் சேஸி எண்களைக் கையிலெடுத்தேன். இரண்டாம் உலகப் போரின்போது, கைப்பற்றிய ஜெர்மானிய டாங்கிகளின் தொடர் எண்களை மட்டுமே வைத்து, 1942 ஆகஸ்டில் 327 டாங்கிகள் தயாராகியிருக்கும் என்று நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள் கணித்தார்கள். அதே மாதத்துக்கு உளவுத்துறை சொன்னது 1,550, பின்னர் ஜெர்மானிய ஆவணங்களில் கிடைத்ததோ 342. அந்த உற்சாகத்தில், விற்பனைப் படங்களில் கண்ட எண்களை, கண்டவற்றுள் மிகப் பெரிய எண்ணிலிருந்து மொத்தத்தைக் கணிக்கும் அதே வாய்ப்பாட்டில் இட்டபோது 20,000-க்கும் மேல் விடை வந்தது. டிலோரியனின் எண்வரிசை இடையிடையே தாவுகிறது என்பதை நான் கவனிக்கத் தவறியிருந்தேன்: 1981 மாடல் 500-இல் தொடங்கி 7,200-க்கு அருகே நின்றுவிட, 1982 மாடல் 10,000-க்கு மேலும், 1983 மாடல் என்று குறிக்கப்பட்டவை 15,000-க்கு மேலும், கடைசிச் சில 20,000-க்கு மேலும் போகின்றன. அது சரியாகவே வந்திருந்தாலும் எத்தனை பிறந்தன என்பதைத்தான் சொல்லியிருக்கும்; எத்தனை பிழைத்தன என்பதற்கு அதனால் பயனில்லை.

அடுத்து பிரிட்டனின் வாகனப் பதிவு அட்டவணைகளைப் பார்த்தேன். சாலை வரிக்கு உட்பட்டவை, சாலைக்கு வருவதில்லை என்று உரிமையாளர் அறிவித்தவை என இரண்டையும் மாடல் வாரியாக அங்கே பிரித்துத் தருகிறார்கள். ஆனால் 40 ஆண்டு கடந்த வண்டிக்கு அங்கே வரித்தொகை பூஜ்யம். ஆகவே கொட்டகையில் உறங்கும் வண்டியையும் ஓடுவதாகவே பதிவில் விட்டுவைப்பதால் யாருக்கும் செலவில்லை. வருடாந்தரத் தகுதிச் சோதனையில் பதிவாகும் மைல் கணக்கை வைத்து அதைப் பிடித்துவிடலாம் என்று எண்ணினேன். 40 ஆண்டு கடந்தவற்றுக்கு 2018 மே மாதம் முதல் அந்தச் சோதனையும் கட்டாயமில்லை என்பதால், 2021, 2022-க்குப் பிறகு பெரும்பாலான டிலோரியன்கள் இந்த ஏட்டிலும் மௌனமாகிவிடுகின்றன. தவிர, பெரும்பகுதி வண்டிகள் சென்ற அமெரிக்காவில் பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியே நடக்கிறது.

ஆகவே குளத்து மீன்களை எண்ணும் முறைக்கு வந்தேன். ஒரு முறை பிடித்து அடையாளமிட்டு விட்டுவிட்டு, இன்னொரு முறை பிடிக்கும்போது அடையாளமிட்டவை எத்தனை அகப்படுகின்றன என்று பார்க்கும் முறை அது. விற்பனை, ஏல விளம்பரங்களிலிருந்து 310 வண்டிகளை ஒரு பட்டியலாகவும், சந்திப்புகளில் எடுத்த படங்களிலிருந்து 240 வண்டிகளை மற்றொன்றாகவும் தொகுத்தேன். இரண்டிலும் இருந்தவை 11. பொதுவானவை குறைவாக இருக்கும்போது விடை மிகையாகிவிடாமல் தடுக்கும் சாப்மன் திருத்தத்துடன் கணக்கிட்டால் 6,245 வருகிறது. 6,500-க்கு இவ்வளவு அருகே வந்துவிட்டதே என்று மகிழ்ந்தது அரைமணி நேரம்தான். பிழை எல்லையைப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 3,000 முதல் 9,500 வரை விரிகிறது, அதன் மேல்முனை கட்டிய வண்டிகளின் எண்ணிக்கையையே தாண்டுகிறது.

உண்மையான உழைப்பு பொருத்திப் பார்ப்பதில்தான் இருந்தது. வேறு கார்களில் நிறம் பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே ஏறக்குறைய எல்லாமே பெயின்ட் பூசாத எவர்சில்வர் உடல். பானெட்டில் பெட்ரோல் மூடி இருக்கிறதா, பானெட்டின் மேல் ஓடும் இரண்டு பள்ளக்கோடுகள் உண்டா, இல்லை முழுத் தட்டையா, சக்கரம் அடர்சாம்பலா வெளிர்சாம்பலா, உள்ளிருக்கை கறுப்பா சாம்பலா என்று சலித்துக்கொண்டே போனாலும், ஒவ்வொரு சல்லடையிலும் நூற்றுக்கணக்கில் தங்கிவிடும். நம்பர் பிளேட்டை நம்பினேன். அதிலும் அடி விழுந்தது. தனித்தனி என்று நான் எண்ணியிருந்த இரண்டு வண்டிகளில் ஒன்றின் படத்தை மிகவும் பெரிதாக்கியபோது, முன்கண்ணாடியின் ஓரத்தில், டேஷ்போர்டின் மேல், சேஸி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தெரிந்தன. மற்றதன் விளம்பரத்திலும் அதே இலக்கங்கள். உரிமையாளர் மாறி, பிளேட்டும் மாறியிருக்கிறது. பொதுவானவை 11 என்பது 12 ஆனதும் 6,245 என்பது 5,764 ஆயிற்று. ஒரே ஒரு வண்டியைச் சரியாக அடையாளம் கண்டதில் 480 வண்டிகள் காணாமற் போயின!

இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் சிக்கலும் உண்டு. சந்திப்புக்கு வருகிற வண்டிகளே அடிக்கடி படமெடுக்கப்பட்டு விளம்பரத்துக்கும் வருகின்றன. வெளியே தலைகாட்டாதவை இரண்டு பட்டியலிலும் விழுவதில்லை. எனவே இம்முறை தரும் விடை உண்மையை விடக் குறைவாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. மேலுடல் துருப்பிடிக்காததால் பத்தாண்டு நின்ற வண்டியும் படத்தில் புதிதாய்த் தெரியும். எப்பாக்சிப் பூச்சு விரிசல் விட்டு அரிக்கும் அடிச்சட்டத்தை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை. 'மிஞ்சியவை', 'ஓடுபவை' என்று இப்போது இரு பத்திகளாகப் பிரித்திருக்கிறேன். நகரும் காணொளியோ, இரு தேதிகளில் மாறிய ஓடோமீட்டர் படமோ இருந்தால் மட்டுமே ஒரு வண்டி இரண்டாவது பத்திக்குப் போகும். அந்தப் பத்தியில் இதுவரை 87 வண்டிகள் சேர்ந்துள்ளன.