டிரெபிள் பூஸ்டர்: ஒரு டிரான்சிஸ்டரில் கிடார் ஒலியைத் துலக்கிய அனுபவம்

கிடார் மங்கலாகக் கேட்டால் ஆம்ப்ளிஃபயரில் டிரெபிள் குமிழைத் திருகுவோம். காவேரிப்பட்டணத்தில் எங்கள் மெல்லிசைக் குழுவிலும் நெடுநாள் வழக்கம் அதுதான். கோயில் திருவிழா மேடையில் கீபோர்டு, பேஸ் கிடார், ரிதம் பேட் எல்லாம் சேர்ந்து முழங்கும்போது என் கிடார் எங்கோ அடியில் புதைந்துவிடும். டிரெபிளைக் கூட்டினால் காதைக் குத்தும். ஆனால் சுரம் துலங்காது. இதற்கான மருந்து, ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைக்கும் ஓவர்டிரைவ் பெடலுக்குப் பின்னால் இல்லை, அதற்கு முன்னால் வைக்கும் டிரெபிள் பூஸ்டரில் இருக்கிறது. பல மாலைகள் ஈயம் வைத்தும் கழற்றியும் பார்த்த பிறகு உறுதியாகவே சொல்கிறேன்.

காரணம் எளிது. மின்கிடாரின் ஆறாம் கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, முதல் கம்பி 330 ஹெர்ட்ஸில். தடித்த கம்பிகளின் அலைதான் பெரிது. ஓவர்டிரைவ் பெடல் அலையின் உச்சியை வெட்டும்போது இந்தப் பெரிய அலையே வெட்டு முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அதன் மேல் ஏறிவரும் மெல்லிய கம்பிகளின் ஒலியும் கூடவே நசுங்குகிறது. நான்கு கம்பி சேர்ந்த கார்டு வாசித்தால் கூழாகக் கேட்பது இதனால்தான். வெட்டிய பிறகு டிரெபிளைக் கூட்டினால் கரகரப்புதான் கூடும். வெட்டுவதற்கு முன்பே தாழ்ந்த ஒலியை அடக்கிவிட்டால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே நிற்கிறது.

இந்த வேலைக்கென்றே 1960களின் நடுவில் இங்கிலாந்தில் டல்லாஸ் நிறுவனம் ரேஞ்ச்மாஸ்டர் என்ற பெட்டியை விற்றது. காலால் மிதிக்கும் பெடல்கூட அல்ல, ஆம்ப்ளிஃபயரின் தலையில் வைக்கும் பெட்டி. உள்ளே ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய சில உதிரிகள். ராக் இசைக் கிடார் கலைஞர்களான ரோரி கலாகர், டோனி அயோமி, பிரையன் மே ஆகியோரின் கிடார் ஒலிக்குப் பின்னால் இத்தகைய டிரெபிள் பூஸ்டர் இருந்தது. இவ்வளவு சிறிய மின்சுற்று இவ்வளவு செய்கிறது என்பதே எனக்கு இன்னும் வியப்பு.

அதே சுற்றை முதலில் சிலிக்கான் டிரான்சிஸ்டரில் செய்தேன். பிசி549சி டிரான்சிஸ்டர் கிருஷ்ணகிரியில் எளிதாகக் கிடைத்தது. டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள்: பேஸ் (base), எமிட்டர், கலெக்டர். ரேஞ்ச்மாஸ்டரின் பழைய சுற்றில் பேஸுக்குப் போகும் ரெசிஸ்டர்கள் 470 கிலோஓம், 68 கிலோஓம், எமிட்டரில் 3.9 கிலோஓம், கலெக்டரில் 10 கிலோஓம் வால்யூம் குமிழ். சிலிக்கானுக்கு பேஸில் 0.6 வோல்ட் அளவில் தேவைப்படுவதால் 470-க்குப் பதில் 330 கிலோஓம் போட்டேன். கலெக்டரில் மீட்டர் 6.7 வோல்ட் காட்டியது. பழைய பெட்டிக்குச் சொல்லப்படும் 7 வோல்ட்டுக்கு இது பக்கம்தான். 9 வோல்ட்டின் நடுப்புள்ளியில் இல்லாமல் ஒருபுறம் சாய்ந்து நிற்பதால் அலையின் ஒரு பக்கம் முந்தி வெட்டுப்படுகிறது. இரட்டைப்படை மேற்சுரங்கள் (மூல அதிர்வெண்ணின் 2, 4, 6 மடங்குகள்) பிறப்பது இந்தச் சாய்வில்தான். அவைதான் ஒலிக்கு ஒரு செழுமையைத் தருகின்றன.

உண்மையான சமையல் நடப்பது கிடாருக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவிலுள்ள கெப்பாசிட்டரில். பழைய சுற்றில் அது 5 நானோஃபாரட். அந்தக் கெப்பாசிட்டரும் அதற்குப் பின்னாலிருக்கும் உள்ளீட்டுத் தடையும் சேர்ந்து எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி சரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. என் சுற்றில் அந்தத் தடை கணக்குப்படி 28 கிலோஓம் அளவில் வருகிறது. 4.7 நானோஃபாரட் போட்டால் எல்லை 1,200 ஹெர்ட்ஸ் அருகில். 10 போட்டால் 570. 22 போட்டால் 260. எல்லைக்குக் கீழே ஒவ்வொரு எண்மத்துக்கும் (அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 6 டெசிபல் குறைகிறது.

வீட்டில் தனியாக வாசித்தபோது 22 தான் நன்றாக இருந்தது. முழுமையான, கனமான ஒலி. 4.7 போட்டதும் கம்பியைச் சுரண்டுவது போல மெலிந்துவிட்டது. ஆனால் ஒத்திகையில் கீபோர்டும் பேஸ் கிடாரும் சேர்ந்ததும் தலைகீழாகிவிட்டது. 22 மறுபடியும் அடியில் புதைந்தது. மெலிந்ததாகத் தோன்றிய 4.7 எல்லாவற்றுக்கும் மேலே தெளிவாக நின்றது. கீழ்ப்பகுதியைப் பேஸ் கிடார் ஏற்கெனவே நிரப்புகிறது, அங்கே எனக்கு வேலை இல்லை. பெடலைத் தனியறையில் கேட்டு முடிவு செய்பவர்களிடம் நான் இதைத்தான் வற்புறுத்துவேன்: குழுவோடு கேளுங்கள். இப்போது 4.7 நிரந்தரமாக இருக்கிறது; இன்னொரு 4.7 ஒரு சிறு சுவிட்ச் வழியாக இணையாகச் சேர்கிறது. கிடார் மட்டும் ஒலிக்கும் இடங்களில் அதைப் போட்டுக்கொள்கிறேன்.

பெருக்கம் எண்பது மடங்குக்கு மேல் போவதால் மெலிதாக ஒரு வானொலிக் குரல் உள்ளே நுழைந்தது. பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவில் 47 பிகோஃபாரட் வைத்ததும் அடங்கியது.

கேபிளையும் சொல்ல வேண்டும். கிடார் கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கொண்டது. கம்பியின் அதிர்வை மின்னலையாக்குவது பிக்அப்; என் கிடாரில் இருப்பது போன்ற ஒற்றைச் சுருள் பிக்அப்புடன் 3 மீட்டர் கேபிள் சேர்ந்தால் ஒலியின் மினுக்கு 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். 6 மீட்டர் என்றால் 3,800-க்கு இறங்கிவிடும். நீளக் கேபிளுக்குத் தீர்வாக, அதன் சுமை பிக்அப்பின் மேல் விழாமல் தாங்கிக்கொள்ளும் பஃபர் பெடல் போடலாம். ஆனால் இந்தப் பூஸ்டருக்கு முன்னால் போடக் கூடாது. பூஸ்டரின் குறைந்த உள்ளீட்டுத் தடை பிக்அப்பின் மேல் சற்றுச் சுமையாக அமர்ந்து கூர்மையை மழுக்குகிறது. நடுவில் பஃபர் வந்தால் அந்த மென்மை போய் ஒலி முள்ளாகிறது. கிடார், பூஸ்டர், ஓவர்டிரைவ், அதற்கப்புறம் மற்றவை. இந்த வரிசைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்தது ஜெர்மானியம். பழையபேட்டையில் ரேடியோ பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் உடைந்த டிரான்சிஸ்டர் ரேடியோக்களை மூட்டையாகவே வைத்திருக்கிறார். அதில் ஏசி128 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கிடைத்தது. “இதை இன்னும் யாரப்பா தேடுகிறார்கள்?” என்று கேட்டுக்கொண்டே கழற்றித் தந்தவர், “டிரான்சிஸ்டரின் காலை இடுக்கியால் பிடித்துக்கொண்டு ஈயம் வை தம்பி, சூடு உள்ளே ஏறினால் போய்விடும்” என்றார். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைத் தயாரித்தது. பக்கத்து ஊரில் பிறந்த தொழில் என்பதால் எனக்கு அவற்றின் மேல் தனிப் பாசம் உண்டு.

ஏசி128 பிஎன்பி வகை, அதாவது மின்னோட்டத் திசை பிசி549சி-க்குத் தலைகீழ். அதனால் பேட்டரியின் நேர்முனைதான் சுற்றின் தரை (பொதுமுனை) ஆகும். பெருக்கம் குறைவென்பதால் உள்ளீட்டுத் தடையும் குறைகிறது, அதே 4.7 போட்டால் எல்லை மிக மேலே போய்விடுகிறது. ஆகவே 10 போட்டேன். ஒலி வட்டமாக, கடிக்காமல், ஆனால் தெளிவாக வந்தது. சிலிக்கானைவிட எனக்கு இதுதான் பிடிக்கிறது.

ஆனால் ஜெர்மானியத்தின் கசிவு மின்னோட்டம் சூடு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில், காலையில் 7 வோல்ட் காட்டிய கலெக்டர் பிற்பகலில் 6-க்கும் கீழே இறங்கியது; ஒலியும் தடித்துப்போனது. திருவிழா மேடையில் விளக்குகளின் சூடும் சேரும். அதனால் மேடைக்குச் சிலிக்கான், வீட்டில் பதிவு செய்வதற்கு ஜெர்மானியம் என்று பிரித்துவிட்டேன். வெளியே ஒரு சிறு குமிழ் வைத்து, மேடை ஏறுமுன் மீட்டரைப் பார்த்து 7 வோல்ட்டுக்குத் திருப்பிக்கொள்ளும்படி செய்ய முடியுமா என்று அடுத்துப் பார்க்கப் போகிறேன். அலுமினியப் பெட்டியும் மிதிசுவிட்சும் வாங்கி வைத்தாயிற்று.