இன்னா? ஆனா?

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்குப் பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் செந்தூரா வாசனை நிச்சயம் கிடைக்கும். போன வாரம் கூடவே இங்கிலீஷ் கிளாஸும் கிடைத்தது.

முன்சீட்டுத் தம்பிக்கு ஓசூர் கம்பெனி ஒன்றிலிருந்து போன். "ஐ யாம் இன் தி பஸ் சார்" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வைத்தான். பக்கத்து சீட்டு ரிட்டயர்டு வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, ஆன் தி பஸ்ஸுன்னு சொல்லணும்."

"ஆன்னா மேலதானே சார்? மேல உக்காந்தா போலீஸ் புடிக்க மாட்டானா?" இது மாங்கூடையோடு நின்ற பெரியவர்.

வாத்தியார் குஷியாகிவிட்டார். எழுந்து நடமாட இடமிருக்கிற பஸ், ரயில், விமானத்துக்கு ஆன். குனிந்து நுழைந்து உட்கார்ந்தே போகிற கார், டாக்சிக்கு இன். ஏறி உட்காருகிற சைக்கிள், பைக், குதிரைக்கும் ஆன்தானாம். (பஸ்ஸுக்கு இன் போட்டால் கொலைக்குற்றம் ஒன்றும் இல்லை. அதை அவரிடம் யார் சொல்வது?)

"அப்போ ஷேர் ஆட்டோ?"

விதிப்படி இன். ஆனால் டிரைவருக்கு இரண்டு பக்கமும் தொத்திக்கொண்டு வருகிறவர்களை எதில் சேர்ப்பது? வாத்தியார் யோசிப்பதற்குள், "பாதி இன், பாதி ஆன்" என்று கண்டக்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"சரி, இன்டர்வியூ எப்போ தம்பி?"

"இன் மண்டே, ஆன் டென் ஓ கிளாக் சார்."

வாத்தியார் தலையில் கை வைத்தார். மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் வருஷத்துக்கும் இன். "கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது இன் 2004. தேதியோட சொன்னா ஆன் பிப்ரவரி 9. புரியுதா?"

"அது கெடக்கட்டும், காலையிலன்னா?" என்றார் பெரியவர்.

"இன் தி மார்னிங்."

"ராத்திரியில?"

"அட் நைட்."

"ராத்திரிக்கு மட்டும் எதுக்கு அட்டு?"

"அது அப்படித்தான்" என்றார் வாத்தியார். நாற்பது பேர் இருந்த பஸ்ஸில் ஒருத்தருக்கும் அந்தப் பதில் திருப்தியாக இல்லை. அவர் சட்டென்று அடுத்த பாடத்துக்குத் தாவினார். பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு நாமெல்லாம் கெட் டவுன் என்கிறோம், கெட் ஆஃப் என்பதுதான் சரி என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது கண்டக்டர் குனிந்து அவர் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார்.

"வாத்தியாரே, நீங்க கெட் ஆஃப் ஆக வேண்டிய காவேரிப்பட்டணம் போயே போச்சு. இனி காரிமங்கலம் வரைக்கும் ஆன் தி பஸ்தான். இன்னொரு டிக்கெட் எடுங்க."